பழக்கத் தேவையில்லாத குட்டி

செத்துப்போன நாய் பிஸ்தாவின் நினைவுகளையெல்லாம் புதுக் குட்டியின் மூளையில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள் கம்பெனிக்காரர்கள். பழக்குகிற தொல்லையே இல்லை. செண்பகா பழைய சேலையை மடித்துப் படுக்கை போட்டுத் தயிர்சாதம் பிசைந்து வைத்தாள். உள்ளே விட்டதும் குட்டி நேராக பிஸ்தாவின் பால்கனி மூலைக்குப் போய் ஒன்றுக்கிருந்துவிட்டு வந்தது. மகள் மிதுலா கைதட்டினாள்.

சாயங்காலம் கணவன் தயாளன் வந்தான். பிஸ்தா மொட்டை மாடியிலிருந்து தவறி விழுந்துவிட்டது என்று அன்றைக்குச் சொன்னவன் அவன்தான்.

"வாடா செல்லம், மாடிக்குப் போலாம்" என்று குனிந்தான்.

குட்டி நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. கத்திக்கொண்டே ஓடிக் கட்டிலுக்கடியில் ஒடுங்கியது.

"ஏம்மா, அதுக்கு அப்பாவை மட்டும் ஞாபகம் இல்லையா?"

"நல்லாவே இருக்குடி" என்ற செண்பகா, மிதுலாவை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.