கர்னலின் கத்திரி

பூட்டிய கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றான் பெல்மிரோ. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அவன் இயக்கிய முதல் படம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூன்றே பேர். மூவருமே தணிக்கைக் குழுக்காரர்கள்.

லிஸ்பனில் இந்த மூவரைத் தாண்டாமல் ஒரு படமும் கொட்டகைக்குப் போக முடியாது. உறுத்தலான இடம் வந்தால் குழுத் தலைவர் கர்னல் மணியடிப்பார். ஆபரேட்டர் அந்த இடத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி வைப்பார். மிச்சத்தைக் கத்திரி பார்த்துக்கொள்ளும்.

ஒரு மணி நேரம் ஓடியும் மணிச் சத்தம் கேட்கவில்லை. 

"மணி ஏதும் ரிப்பேரா அண்ணே?" என்று வாசல் காவலர் செஃபெரினோவைக் கேட்டான்.

அவர் முக்காலியில் உட்கார்ந்து மத்தி மீன் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். "நேத்து ஒரு பிரெஞ்சுப் படத்துக்குப் பதினாலு தடவை அடிச்சுது. மணிக்கு ஒரு கேடும் இல்லை. நீ கொஞ்சம் உக்காரு தம்பி, நீ நடக்கிற நடையில தரை தேயுது."

உட்கார்ந்தான். உட்கார்ந்த சூட்டோடு எழுந்தான். மணியே அடிக்காமல் பார்த்துவிட்டு, மொத்தப் படத்தையும் பெட்டியோடு அலமாரியில் வைத்துப் பூட்டிய கதைகளும் இங்கே உண்டு.

மூன்று வருஷ உழைப்பு. அம்மா புனித அந்தோனியாரிடம், "என் பிள்ளை படத்துல ஒரு அடிகூடக் கத்திரி படக்கூடாது சாமி" என்று வேண்டிக்கொண்டு, ஆளுயர மெழுகுவத்தி நேர்ந்திருந்தாள்.

கதை ஒரு வேலைக்காரப் பெண்ணுடையது. அவள் காதலனை ஆப்பிரிக்கக் காலனிகளில் நடக்கும் போருக்கு அனுப்புகிறார்கள். கடைசிக் காட்சியில் துறைமுகமே கைக்குட்டை அசைக்க, அவள் மட்டும் கப்பலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். ஏழு நிமிஷம், ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. போரை எதிர்த்து வாய் திறந்தால் ரகசியப் போலீஸ் வீட்டுக் கதவைத் தட்டும் என்பதால், சொல்ல வேண்டியதை அவன் அந்த முதுகை வைத்தே சொல்லியிருந்தான்.

காலையில் கஃபேயில் சினிமாக்கார நண்பர்கள் கூடியிருந்தார்கள். தெயொதோசியோவின் படத்தில் பதினெட்டு நிமிஷம் கத்திரிக்குப் போய்விட்டது. எல்லோரும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்; காபிக்குக் காசு கொடுக்கக்கூட விடவில்லை. போன வருஷம் ஒரு வெட்டும் விழாமல் முழுப் படத்தோடு வெளியே வந்த ஓனொராத்துவும் அங்கேதான் இருந்தான். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டதும் எல்லோரும் கால்பந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"டேய் பெல்மிரோ, சாயங்காலம் நேரா இங்க வந்துடணும்" என்றான் தெயொதோசியோ. "எத்தனை நிமிஷம் போச்சுன்னு கேட்டுட்டுத்தான் நாங்க வீட்டுக்குக் கிளம்புவோம்."

உள்ளே கப்பலின் சங்கு ஊதியது. துறைமுகக் காட்சி வந்துவிட்டது! பெல்மிரோ கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். ஐந்து. ஏழு. மணி வாயைத் திறக்கவேயில்லை. விளக்கு போட்டார்கள். கதவு திறந்து, கர்னல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"முடிஞ்சுது. எங்க மூணு பேருக்கும் ஒரே அபிப்பிராயம்தான்." ஒரு காகிதத்தை நீட்டினார்.

அதில் இருந்தது ஒரே ஒரு வரி. படித்ததும் பெல்மிரோவுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

"சார், அந்தத் துறைமுகக் காட்சி..."

"பார்த்தோம்."

"சரியாப் பார்த்தீங்களா சார்? அவ கப்பலுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறா. ஒரு கைகூட அசைக்கலை."

"பொண்ணுங்க அழுகையை மறைக்கிறது வழக்கம்தானே?"

"அழலை சார்! அது கோபம்! ஏழு நிமிஷமும் கோபம் சார்!"

கர்னல் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன் படம் உனக்கே புரியலை போலிருக்கே. முடிவு முடிவுதான். கையெழுத்துப் போட்டாச்சு."

"இன்னொரு தடவை பாருங்க சார். உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

"எனக்குச் சாப்பாட்டு நேரம் தம்பி."

பெல்மிரோ பாய்ந்து வழியை மறித்தான். செஃபெரினோ ரொட்டியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பெல்மிரோ வெட்கத்தை விட்டு அழுதேவிட்டான்.

"இந்தக் காகிதத்தோட போனா என்னை எவனும் மனுஷனா மதிக்க மாட்டான் சார். போலீஸோட ஆளுன்னு முடிவு கட்டிடுவாங்க. சாயங்காலம் கஃபேயில சிநேகிதங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கர்னலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இப்ப நான் என்னதான் செய்யணுங்கிறே?"

"ரெண்டு நிமிஷமாவது வெட்டுங்க சார்!"