சாட்சி சொன்ன நாரை

"பலகையக் கழட்டிடறேன், யுன். போன குளிர்காலத்துலேருந்து பாக்குறேன். எந்த நாரையும் நம்மள மாதிரி சண்டை போடல."

ஆசான் ஜிங்தாவ் பள்ளி வாசலில் ஏணியைச் சாத்தினான். 'வெண்நாரைச் சண்டைப் பள்ளி' என்ற அந்தப் பலகைக்கு எங்கள் ஊரில் தனி மரியாதை. ஆறு தலைமுறையாகத் தொங்குகிறது.

"நாரை என்னதான் பண்ணுதாம்?" என்றாள் அவன் மனைவி யுன்.

"மீன் புடிக்குது. தூங்குது. நாயப் பாத்தா பறந்து ஓடிடுது."

"ஓடுறதும் ஒரு வித்தைதானே ஆசானே."

அவன் சிரிக்கவில்லை. மறுநாள் ஏழு பேர் புதிதாகச் சேருகிறார்கள். முன்னோர் படத்தின் முன் ஊதுபத்தி பிடித்து, 'இதை நாரையிடம் கற்றோம்' என்று ஆசான் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாமல் ஒரு அடிகூடச் சொல்லித் தரக் கூடாது. அதுதான் அந்தப் பள்ளி வழக்கம்.

"பொய்ச் சத்தியம் என்னால முடியாது. பள்ளி போனாப் போவட்டும்." பாவம், வேறு ஒரு வேலையும் தெரியாதவன்.

"சரி, விடியக்காலைல கடைசியா ஒரு தடவ பாத்துடலாம். சதுப்போட வடக்குக் கரைக்குப் போவோம். நானும் வரேன்."

விடிந்தும் விடியாத நேரம். பனிமூட்டத்தில் சதுப்பு எது, வானம் எது என்று தெரியவில்லை. நடக்கிறோமா, மிதக்கிறோமா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாணலுக்கு அப்பால் ஒற்றை நாரை நின்றது.

அது ஒரு காலைத் தூக்கியது. யாரோ வீசிய அடியைத் தள்ளுவது போல இடது சிறகை விரித்து மடக்கியது. அரைவட்டம் திரும்பி, அலகால் மூன்று முறை காற்றைக் குத்தியது. பள்ளியின் முதல் பாடம், அப்படியே.

ஜிங்தாவ் சேற்றிலேயே மண்டியிட்டு அழுதான்.

"முன்னோருங்க பொய் சொல்லல, யுன். நான்தான் பாவி, சந்தேகப்பட்டுட்டேன்."

"எழுந்திரிங்க. பசங்க வந்துடுவாங்க, போய் ஊதுபத்திய ஏத்துங்க. நான் தாமரைக் கிழங்கு பறிச்சுட்டு வரேன்."

அவன் சின்னப் பையன் போல ஓடினான். காலடிச் சத்தம் பனிக்குள் தேய்ந்து மறைந்தது.

நாரை நேராக யுன்னிடம் நடந்து வந்து கழுத்தை நீட்டியது. அவள் மடியிலிருந்து ஒரு மீனை எடுத்து அதன் அலகில் வைத்தாள்.

"எட்டு மாசமா தினம் செஞ்சு காட்டுறேன், திரும்புறப்போ இன்னும் அவசரப்படுறியே."