வாய் திறக்காத நுழைவுத்திரை

மதிய வெயில் ஜன்னல் மறைப்பின் இடுக்கு வழியாகக் கோடு கோடாக விழுந்து, ஒன்பது மேசைகளில் ஏழு காலியாகக் கிடப்பதைக் காட்டிக் கொடுக்கிறது. அந்த ஏழு பேரையும் சர்வர் பிரிவு விழுங்கிவிட்டது. கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளை ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்துவிட்டு, பெரிய கம்பெனிகளின் சர்வர்களைப் பராமரித்துப் பிழைக்கிற நிறுவனம். அதன் பாசம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்? வீட்டு மெஷின்களைப் பார்த்துக்கொள்ள மிச்சமிருப்பது நிரல் எழுதும் அவளும், அவளை அக்கா என்று கூப்பிடும் பார்வையற்ற சோதனையாளனும்தான். புதிய பதிப்பில், பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் குரல், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நுழைவுத்திரையில் ஊமையாகிவிட்டது. நேற்றே அவள் அதைச் சரிசெய்துவிட்டாள். அந்தத் திருத்தத்தைப் பதிப்பில் சேர்க்க மேலாளர் தலையாட்ட வேண்டும். அவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "சர்வர்காரங்க இதே பதிப்பை ரெண்டு மாசமா சோதிச்சு வச்சிருக்காங்கம்மா. இப்ப ஒரு ஆணியைக்கூட அசைக்கக் கூடாது." "அப்ப கண்ணு தெரியாதவங்க எப்படி சார் உள்ள போவாங்க?" "சர்வருக்குத் திரையே கிடையாது. அதுக்கு வாய் எதுக்கு?" சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

காதை அடைத்த ஹெட்போனுக்குள் அவனுக்கு இதெல்லாம் கேட்கவில்லை. இமைகள் துடிக்க, விரல்களைச் சாவிகள்மேல் வைத்துக் காத்திருக்கிறான். "இப்பப் பேசும் பாருக்கா. நீதான் சரிபண்ணிட்டியே!" அவள் அவன் பக்கம் குனிந்து, மெஷினைப் போலவே ஏற்ற இறக்கமில்லாமல், உரக்கச் சொல்கிறாள்: "பெயரை உள்ளிடவும்."

விரல்கள் அசையவில்லை. "குரல் வெளியிலேருந்து வருதேக்கா," என்கிறான்.