முதலில் எழுந்தது யார்?

"இது அநியாயம், அவ்னெர். பேச்சுவார்த்தை முறிஞ்சதுக்கு யார் காரணம்னு எழுதியிருக்கே?"

ஜெருசலேம் ஓட்டல் ஒன்றில், ஏலக்காய்க் காபிக்குப் பக்கத்தில் அவ்னெர் எழுதிய புத்தகத்தைப் பொத்தென்று போட்டார் சுஹைல். இருபது வருடங்களுக்கு முன் பாலஸ்தீனத் தரப்பில் அவரும் இஸ்ரேல் தரப்பில் அவ்னெரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியவர்கள்.

"நடந்ததைத்தான் எழுதினேன்" என்றார் அவ்னெர் அலுப்புடன்.

"வருஷா வருஷம் உன்னோட இதே ரோதனை. நெஞ்சைத் தொட்டுச் சொல்லு, அன்னிக்கு முதல்ல நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்தது யாரு?"

"நான்தான்!"

"பொய்! நான்தான்யா எழுந்தேன். ரமல்லாவில என் பையன் நகராட்சித் தேர்தல்ல நிக்கிறான். அப்பன் விட்டுக்கொடுக்கத் தயாரா இருந்தான்னு தெரிஞ்சா அவனுக்கு ஒரு ஓட்டு விழுமா?"

"என் மாப்பிள்ளையும்தான் எம்.பி. சீட்டுக்கு அலையறான்."

காபி ஆறிப்போயிருந்தது.

"சரி, ரெண்டு பேரும் சேர்ந்தே எழுந்தோம்னு அடுத்த பதிப்புல மாத்திடறேன்" என்றார் அவ்னெர்.

"இதுக்காவது ஒத்துக்கிட்டியே!"

கை குலுக்கிக்கொண்டார்கள்.

உண்மையில், இருபது வருடங்களுக்கு முந்தைய அந்த நாளில் யாருமே எழுந்திருக்கவில்லை. கையெழுத்துப் போடப் பேனா மூடியைக் கழற்றிவிட்டு, அவரவர் தலைவர் 'சரி' சொல்வாரென்று இருட்டும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ஃபோனுமே அடிக்கவில்லை.