நடுவில் விட்ட வெள்ளை

அடுப்படிச் சுவரில் சுண்ணாம்பு அடித்தால் பத்தே நாளில் கறை மறுபடி கசிந்து வெளியே வந்துவிடுகிறது. அதனால் இந்தத் தீபாவளிக்கு ரிங்லெட் டவுன் வரைக்கும் போய் எண்ணெய்ப் பெயிண்டே வாங்கி வந்துவிட்டேன். வெள்ளை. ஒரே ஒரு டின்.

கரண்டிக் காம்பால் மூடியை நெம்பிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் அடுப்படிக்குள் தலையை நீட்டினாள்.

பெயர் உமாதேவி. கோலாலம்பூர். யாருக்கும் தெரியாத ஓவியர்களைத் தேடிக் கண்டுபிடித்து ஊருக்குக் காட்டுவதுதான் அவள் வேலையாம். கூடவே ஒரு கடை. அதில் வேறெங்கும் கிடைக்காத வினோதச் சாமான்களாக விற்பாளாம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்கு வந்தது பழைய கொழுந்துக் கூடை தேடி. கூடையைக் கவிழ்த்து உள்ளே பல்பு மாட்டினால் பெரிய ஹோட்டல்களில் தொங்கவிடுகிறார்களாம். முப்பது வருஷம் அதை முதுகில் சுமந்தவள் நான், எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

கூடையைப் பார்க்க வந்தவள் சுவரைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ கடவுளே! யாருக்கா செஞ்சது இது?"

நான் பிரஷைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். எங்கள் அடுப்படியில் நிற்பதற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவில், அந்தச் சுவரோரம்.

மகள் பூவிழி ஈப்போவில் இருக்கிறாள். மூன்று தீபாவளியாக வரவில்லை. "அந்தச் செவுத்த அழிச்சிட்டுக் கூப்பிடும்மா, பிள்ளையத் தூக்கிட்டு வரேன்," என்று போனில் சொல்லியிருந்தாள். பேரனை நான் இன்னும் கையில் வாங்கவில்லை. பெயிண்ட் வாங்கியது அதற்குத்தான்.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் நல்லுசாமி முன்னறையிலிருந்து வந்தார்.

"நாந்தான் மிஸ்," என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவள் மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். கருஞ்சிவப்பு, அதன்மேல் காவி, அதன்மேல் மங்கல் மஞ்சள். தெறித்து, வழிந்து, காய்ந்து, மறுபடி தெறித்து. என்ன சாயம் என்று கேட்டாள்.

"நம்ம தேத்தண்ணிதான் லா. பேக்டரித் தூளு. இங்க வேற என்னா இருக்கு?"

அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி தேயிலையைக் கொண்டே வரைந்திருக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எத்தனை வருஷமாக என்று கேட்டதற்கு, "கல்யாணம் ஆனதுலேர்ந்து," என்றார் அவர். அதையும் போனில் குறித்துக்கொண்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க. நீங்க மறைக்கிறீங்க."

தள்ளிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த வெள்ளை அவள் கண்ணில் பட்டது. சுற்றிலும் கறை. நடுவில் மட்டும் தலையும் தோளும் இடுப்புமாக, ஓர் ஆள் உயரத்துக்கு வெறும் சுண்ணாம்பு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன். அந்த வெள்ளையைப் பார்த்துக் கலங்கிய முதல் ஆள் அவள்தான்.

"இத மட்டும் எப்படிண்ணே இவ்ளோ கரெக்டா விட்டீங்க?"

"கைப்பழக்கம்," என்றார். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

போகும்போது என் கையிலிருந்த பிரஷை அவளே வாங்கிக் கீழே வைத்தாள். "உங்க கால்ல வேணாலும் விழறேங்க்கா, இதுல பெயிண்ட் மட்டும் அடிச்சிடாதீங்க. ஆமா, இந்த வெயில்ல எதுக்கு ரெண்டு ஸ்வெட்டர்?"

மலைக்காரர்களுக்கு எப்போதும் குளிர் என்று அவளாகவே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை லைனே அவரை ஆர்ட்டிஸ்ட்டு என்று கூப்பிட்டது. அவள் படம் எடுத்துப் போட்ட எங்கள் சுவர் எல்லோருடைய போனிலும் இருந்தது. ஒற்றைப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருபத்தாறு வருஷமாகக் குடியிருக்கும் ருக்குமணிக்குத் தெரியாத சங்கதி இல்லை. அவளும் வந்து, "அண்ணனுக்கு நல்ல நேரந்தான்," என்று சொல்லிவிட்டுப் போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானம் உமாதேவி அனுப்பிய ஓர் ஆளுயரப் பலகை லோரியில் வந்து இறங்கியது. சுவரைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. கண்காட்சிக்கு அதே மாதிரி ஒன்று வேண்டுமாம்.

பலகை வெறும் மர நிறத்தில் இருந்தது. "இதுல சாயம் தெரியாது. வெள்ள அடி," என்று வீட்டுக்காரர் என் டின்னைக் காலால் தள்ளினார்.

"பூவிழி வரணுங்க. செவுத்துக்கு அடிக்கணும்," என்று கெஞ்சினேன்.

"வரலன்னா போறா."

டின் முழுவதும் பலகைக்கே போனது. இரண்டு பூச்சு. இந்த மலையின் ஈரக்காற்றில் காய்வதற்கு இரண்டு நாளாயிற்று. அதற்குள் பூவிழி ஒரு தடவை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பலகையைச் சுவரில் சாத்தி வைத்தார். தன் முக்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தேத்தண்ணி போடு. சாயம் தூக்கலா, கொதிக்கக் கொதிக்க."

போட்டுக் கொடுத்தேன். அவர் வாயில் வைக்கவில்லை. நிறத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டினார். சாயம் பத்தவில்லை என்று அன்றைக்குச் சொல்லவே இல்லை.

"போயி நில்லு."

போய் நின்றேன். எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஸ்வெட்டர அவுத்துடு. ஆளு குண்டா வுழுந்துடும்."

மேலே இருந்ததைக் கழற்றினேன். காத்திருந்தார். உள்ளே இருந்ததையும் கழற்றினேன்.

இருபத்தாறு வருஷமாகக் கோபத்தில் வீசியவர், அன்றைக்குத்தான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகக் குறி பார்த்தார்.