பட்டியலில் பேர் இல்லாத போன்

ஆறு வீட்டில் ஏதோ ஒரு வீடு காட்டிக்கொடுக்கிறது என்பதில் ஓவர்சியருக்குச் சந்தேகமே இல்லை. எந்த வீடு என்பதுதான் பிடிபடவில்லை.

தெருவுக்கு இன்டர்நெட் கொண்டுவந்தவர் அவர். எல்லோருக்கும் பொதுவாக ஒரே இணைப்பு வாங்கி, தன் மொட்டை மாடியில் கம்பம் நட்டு, ஆறு வீட்டு மாடியிலும் ஆளுக்கொரு வைஃபை பெட்டியைக் கட்டி, பெட்டிக்குப் பெட்டி சிக்னலைத் தாவ வைத்தார். ரிட்டயரான பிறகு தான் கட்டிய முதல் பாலம் இதுதான் என்பார். ரிட்டயராவதற்கு முன் கட்டிய பாலங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசமாட்டார்.

பக்கத்து வீட்டு மச்சினனை மட்டும் சேர்க்கவில்லை. பெண்டாட்டியின் தம்பி. டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். கம்பம் நட்ட அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் சும்மா பிடித்திருக்கலாம். பெட்டியைத் தலைகீழாகக் கட்டுகிறீர்கள் அத்தான் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டான். அன்றோடு அவனுக்கு இன்டர்நெட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. பெட்டியை மட்டும் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நிமிர்த்திக் கட்டிக்கொண்டார்.

இணைப்பில் யார் யார் போன் இருக்கிறது என்று அவர் போனில் ஒரு பட்டியல் வரும். அதில்தான் தினமும் மத்தியானம் ஊர் பேர் தெரியாத ஒரு போன் வந்து உட்கார்ந்தது.

பாஸ்வேர்டை மாற்றினார். மறுநாளும் வந்தது. இன்னொரு தரம் மாற்றினார். கால்மணி முன்னதாகவே வந்தது. மூன்றாவது தரம், சொந்தப் பெண்டாட்டிக்கே வாயில் நுழையாத பாஸ்வேர்டாக வைத்தார். அன்றைக்கும் வந்தது.

கூட்டம் போட்டார். பாஸ்வேர்டைக் கொடுத்த வீட்டைக் கண்டுபிடித்தால் அந்த வீட்டுப் பெட்டியை அவிழ்த்துக்கொண்டு வந்துவிடுவேன் என்றார். பல் டாக்டர் தையல்காரரின் வாயைப் பார்த்தார். தையல்காரர் டாக்டரின் சட்டைக் காலரைப் பார்த்தார்.

வியாழக்கிழமை, அந்தப் போனை அடியோடு தடுத்து வைக்கும் பொத்தான் எது என்று கண்டுபிடித்து அமுக்கினார். போன் மறைந்தது. வெற்றிக் களிப்பில், வேகம் கூடட்டும் என்று ஆறு பெட்டிக்குள்ளும் புகுந்து தன் இஷ்டத்துக்கு எதையெதையோ மாற்றினார்.

பத்து நிமிஷத்தில் ஆறு வீடும் படுத்துவிட்டது. டாக்டர் வீட்டு டிவியில் செய்தி வாசித்த அம்மாள் வாயை அகலத் திறந்தபடி நின்றுவிட்டாள். வந்த இடம் தெரிந்து நின்றாள் போல.

தையல்காரர் கழுத்தில் டேப்போடு ஓடிவந்தார். “சார், என் பொண்ணுக்கு நாலு மணிக்கு வீடியோவுல இன்டர்வியூ. ஒன்றரை வருஷமா அலைஞ்சு இப்பதான் கூப்பிட்டிருக்காங்க.”

மணி மூன்றரை. ஓவர்சியர் எதை அமுக்கினாலும் பெட்டிகளில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

தையல்காரர் டேப்பை உருவிக் கையில் சுற்றிக்கொண்டார். “கோவிச்சுக்காதீங்க சார். முதல் பாஸ்வேர்டைக் கொடுத்தது நான்தான்.”

பின்னாலேயே வந்து நின்ற டாக்டர் தொண்டையைச் செருமினார். “ரெண்டாவது நான்.”

“மூணாவது வாயில நுழையல. எழுதிக் கொடுத்தேன்” என்று அடுப்படியிலிருந்து பெண்டாட்டியின் குரல் வந்தது.

“யாருக்கு?”

“உங்க மச்சினருக்குத்தான் சார்” என்றார் தையல்காரர்.

மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. காலையில் ஓவர்சியர் எதையெல்லாம் திருகி வைக்கிறாரோ, அதையெல்லாம் மத்தியானம் மச்சினன் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே சரிசெய்துவிட்டு வெளியேறிவிடுவானாம். இரண்டு மாதமாக இன்டர்நெட் ஓடுகிற ரகசியம் இவ்வளவுதான்.

“அத்தான் காதுக்கு மட்டும் போகக்கூடாதுன்னார் சார். தான் கட்டினதுன்னு சந்தோஷமாச் சொல்லிக்கிறார், அது அப்படியே இருக்கட்டும்னார்” என்றார் தையல்காரர்.

ஓவர்சியர் போனில் எதையோ நோண்டிக்கொண்டே மொட்டை மாடிக்கு ஏறினார். தடுத்து வைத்த போனை விடுவித்தார். பாஸ்வேர்டை நாலாவது தரம் மாற்றினார்.

“இந்தப் பாஸ்வேர்டு இனிமே ஒரு பயலுக்கும் தெரியக்கூடாது” என்று தெருவுக்கே கேட்கும்படி எச்சரித்தார்.

பிறகு மச்சினன் வீட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, அதை ஓர் எழுத்து விடாமல், நிறுத்தி நிதானமாக, இரண்டு தரம் உரக்கப் படித்தார். இரண்டாவது தரம் முடிப்பதற்குள் ஆறு மாடியிலும் பச்சை விளக்கு எரிந்தது.