துப்பாக்கி இல்லாத இடம்

லோவல் ப்ரூயிட் மனைவியின் பிறந்தநாளை மறந்திருக்கிறார். வீட்டிலிருக்கும் துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போட மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை. தாத்தா விட்டுப்போன ரைஃபிள்கள் என்றால் அவருக்கு உயிர். பிட்டர் க்ரீக் துப்பாக்கி உரிமையாளர் சங்கத்தின் தலைவரும் அவர்தான். அதனால் வெர்னாவின் சாப்பாட்டுக் கடை வாசலில் அந்தப் பலகையைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

‘இது துப்பாக்கி இல்லாத இடம்’ என்றது பலகை.

டெக்சாஸில், அதுவும் பிட்டர் க்ரீக்கில் இப்படி ஒரு பலகையா? வெர்னா வெளியூர்க்காரி. இந்தக் கோடையில்தான் புருஷன் ரஸ்ஸோடு வந்து, மூடிக்கிடந்த கடையை வாடகைக்கு எடுத்திருந்தாள். வந்தவள் பான்கேக் சுட்டோமா, காபி ஊற்றினோமா என்று இருக்க வேண்டாமா? பலகையை இறக்காவிட்டால் தலைவர் பதவியே வேண்டாம் என்று லோவல் சங்கத்தில் சபதம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, சங்கமே குடும்பத்தோடு கடைக்குள் நுழைந்தது. ஆளுக்கொரு துப்பாக்கி இடுப்பில் பளபளத்தது. லோவலின் கூட்டாளி ஹார்லனுக்குத் தொப்பை மறைத்துவிடுமோ என்று பயம். உறையைத் தொடை வரை இறக்கிக் கட்டியிருந்தார். வந்தவர்கள் முட்டை தின்ன வந்தார்களா, கோட்டையைப் பிடிக்க வந்தார்களா என்று சொல்வது கஷ்டம்.

வெர்னா தனியாக நின்றாள். ரஸ் வேனை எடுத்துக்கொண்டு சாமான் வாங்கப் போயிருக்கிறான் என்றாள். கைப்பேசியை எடுத்து கெச்சப் பாட்டிலில் சாய்த்து வைத்தாள்.

லோவல் ஹார்லனின் காதைக் கடித்தார். “படம் புடிக்கிறா. நெட்டுல போட்டு நம்மள நாறடிக்கப் போறா. எல்லாரையும் சத்தமா, தெளிவா பேசச் சொல்லு. நாம யாருன்னு உலகம் பாக்கட்டும்.”

துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை என்று அவரே ஆரம்பித்தார். துப்பாக்கி கண்ணில் பட்டால் திருடன் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான் என்றார். கடை என்னுடையது, உள்ளே யார் எப்படி வரலாம் என்று நான்தானே சொல்ல வேண்டும் என்று வெர்னா கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் சங்கம் காபி கேட்டது.

“எனக்கு உங்க மேல பயமில்ல சார். உங்க கவனக்குறைவு மேலதான் பயம்,” என்றாள் வெர்னா. “இடுப்புல ஒண்ணு இருக்கு, சரி. மிச்சமெல்லாம் வீட்டுல எங்க கெடக்கோ. ஏதாவது சின்னப் புள்ள கையில கெடச்சா?”

சங்கத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“யாரப் பாத்தும்மா கவனக்குறைவுங்கற?” என்றார் லோவல், கைப்பேசியைப் பார்த்தபடியே. “எல்லாம் இரும்புப் பெட்டகத்துல இருக்கு. சாவி வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி, பழைய பூட்ஸுக்குள்ள. எந்தப் புள்ள அதுல கைய விடும்?”

“எந்தக் கால் பூட்ஸு சார்?”

“இடது கால்.”

“இடது கால்,” என்று வெர்னா நிதானமாகத் திருப்பிச் சொன்னாள். கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று லோவல் நினைத்துக்கொண்டார்.

ஹார்லன் விடுவாரா? தன் பெட்டகத்துக்குச் சாவியே கிடையாது, எண்தான், அதுவும் கல்யாண நாள் என்றார். அது மறந்துபோனால் என்று அவள் இழுக்க, மறக்கக்கூடாது என்றுதான் நாட்டுச் சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி கல்யாணம் செய்துகொண்டேன் என்று சொல்லிச் சிரித்தார். இன்னொருவர் தன் வீட்டுக் கதவை இதுவரை பூட்டியதே இல்லையாம். ‘நுழைந்தால் சுடுவேன்’ என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறேன், எவனுக்குத் தைரியம் வரும் என்று மார்தட்டினார். அதற்குப்பிறகு ஒருவரை ஒருவர் மிஞ்சிப் பேசியதில் கடை முழுக்கப் பொறுப்புணர்ச்சி வழிந்தது.

வெர்னா எல்லோருக்கும் பீச் பழக் கேக் இலவசமாக வைத்தாள். தின்று முடித்தவர்களை எழுந்திருக்க விடாமல் இன்னொரு துண்டு வைத்தாள். பயம் வந்தால் உபசாரம் தானாக வருகிறது என்று லோவல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

கடைசியில் அவள் கைப்பேசியை ஒரு பார்வை பார்த்து, எடுத்து ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டாள். ஸ்க்ரூ டிரைவரோடு வாசலுக்குப் போய்ப் பலகையைக் கழற்றி லோவலின் கையில் கொடுத்தாள்.

“நீங்க ஜெயிச்சிட்டீங்க சார். எனக்கு இனிமே இது வேண்டாம். உங்க வீட்டுலயே மாட்டிக்கங்க.”

கூட்டம் கைதட்டியது. லோவல் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோப்பை வென்றவர்போல வீடு வந்து சேர்ந்தார். வேட்டையாடிய மான் தலையை மாட்டுவதுபோல அதைப் பெட்டகத்துக்கு மேலேயே மாட்டுவதாக உத்தேசம்.

பழைய பூட்ஸ் நடு அறையில் கவிழ்ந்து கிடந்தது. இடது கால் பூட்ஸ். சாவி பெட்டகத்தில் தொங்கியது. பெட்டகத்துக்குள் எண்ணெய் வாசனை மட்டும் மிச்சம் இருந்தது.

லோவல் இடுப்புத் துப்பாக்கியை உருவினார். சுடுவதற்கு அங்கே யாரும் இல்லை. அப்போது போன் அடித்தது. ஹார்லன்தான். குரலில் அழுகை.

“லோவல், நம்ம ஆளுங்களத் தவிர என் கல்யாண நாள் வேற யாருக்குய்யா தெரியும்?”

கெச்சப் பாட்டிலில் சாய்ந்திருந்த கைப்பேசி லோவலின் நினைவுக்கு வந்தது. அது படம் பிடிக்கவில்லை. மறுமுனையில், காலி வேனோடு ஊருக்குள் வீடு வீடாகப் போன ரஸ், அவர்கள் சத்தமாகவும் தெளிவாகவும் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

லோவல் கக்கத்திலிருந்த பலகையை எடுத்துப் பார்த்தார். வெர்னா சொன்னது சரிதான், அதை அவர் வீட்டில்தான் மாட்ட வேண்டும்.